குளத்து நோட்டு

எங்கள் காலேஜ் கேன்டீனுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் ஒரு கடப்பாக்கல் திண்ணை இருக்கிறது. ஃபைனல் இயர் மட்டும்தான் அதில் உட்காரலாம். ஃபர்ஸ்ட் இயரில் விஷயம் தெரியாமல் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். கையில் இருந்த வடையைக் கடிப்பதற்குள் ஒரு அக்கா வந்து, "எந்திரிம்மா, இது காலேஜ் ஆரம்பிச்ச நாள்லேருந்து வர்ற பழக்கம்" என்றதும், எழுந்து நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன். அப்புறம் மூன்று வருஷம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திண்ணையை ஒரு பார்வை பார்ப்பேன், நமக்கும் ஒரு காலம் வரும் என்று.

வந்தது. போன ஜூலையில் நாங்கள் நாலு பேரும் ராஜாக்கள் மாதிரி போய் உட்கார்ந்தோம். கல் சுட்டது. வேப்பம்பழம் விழுந்து நசுங்கி சுடிதாரெல்லாம் பிசுபிசு, மேலே காக்கா வேறு. அஞ்சு நிமிஷம் தாங்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த கேன்டீன் அண்ணாச்சி எங்களைப் பார்த்துச் சிரித்தார். என்ன அண்ணாச்சி என்று கேட்டதற்கு, "அந்தக் கல்லை நான்தான் போட்டேன் தாயி. புது பிளாக் கட்டும்போது மிச்சம் கிடந்துச்சு, காய்கறி மூட்டை இறக்கி வைக்கத் தோதா இருக்குமேன்னு இழுத்துப் போட்டேன். ஒரு ஏழெட்டு வருஷம் இருக்கும்" என்றார்.

ஆதிகாலத்து மரபு என்று நாங்கள் பயபக்தியோடு சுற்றி வந்தது முட்டைக்கோஸ் மூட்டைக்குப் போட்ட கல்! எங்கள் நாலு பேரில் ஒருத்தி, தென்காசிக்காரி, விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது, ஏனென்றால் அதே வாரம்தான் எங்களிடம் இருக்கிற நோட்டின் முதல் பக்கத்தை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்திருந்தேன்.

நோட்டுக்கு வருவதற்கு முன்னால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாலு பேர், சிவில். பேரைப் போட்டால் கொன்றுவிடுவார்கள், அதனால் வகுப்பில் கூப்பிடுகிற மாதிரி ஊர்ப்பேரே இருக்கட்டும்: கோவில்பட்டி, தென்காசி, டவுன். டவுன் என்றால் திருநெல்வேலி டவுன். நெல்லையப்பர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வீடு, எங்களில் அவள் மட்டும்தான் டே ஸ்காலர். நான் கரூர். யாராவது 'ஏட்டி' என்று கூப்பிட்டால் கோபப்பட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவள், இப்போது கூப்பிடாவிட்டால்தான் கோபம் வருகிறது.

நோட்டு என்பது 200 பக்க லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு. அட்டையில் நீல மையில் 'குளத்துக் கணக்கு' என்று எழுதியிருக்கும். காலேஜ் காம்பவுண்டை ஒட்டி ஒரு குளம், பாளையங்கால்வாயில் தண்ணீர் விட்டால் நிறையும், விடாவிட்டால் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம்தான். வருஷா வருஷம் பிப்ரவரியில் அந்தக் கரையில் நின்று எந்தப் பறவை எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். எங்களை இதில் இழுத்துவிட்டது யார் என்றால், திண்ணையிலிருந்து என்னை எழுப்பிவிட்ட அதே அக்காதான். இதையும் 'ரொம்ப வருஷப் பழக்கம்' என்றுதான் சொன்னாள். முன்பக்கத் தாள்கள் தையல் விட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கிடந்ததால் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை, நம்பிவிட்டோம். ஜூலையில் பிரித்தால், முதல் தேதி பிப்ரவரி 2019. அடுத்தது 2020. அப்புறம் 2021-க்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, 'கொரோனா' என்று ஒரே ஒரு வார்த்தை. 2022-இல் ரெண்டே வரி, அக்காவின் கையெழுத்து. எங்களுக்கு முந்தைய சரித்திரம் அவ்வளவுதான். நடுவில் ரெண்டு பேட்சில் யாருமே வரவில்லை, அதனால்தான் ஃபைனல் இயர் அக்கா நேராக ஃபர்ஸ்ட் இயரிடம் கொடுத்திருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் காலேஜுக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஞாபகமே கிடையாது. பார்த்தவர்கள் போய்விடுவார்கள், கேட்டவர்கள் இருப்பார்கள், கேட்டவர்களிடம் கேட்டவர்கள் வருவார்கள், அதற்குள் அது பல்லவர் காலத்துக்குப் போய்விடும்.

இந்தக் கணக்கெடுப்பு எங்கள் காலேஜ் சொத்து ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட்டில் 2013 முதல் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. அதில் ஒரு பகுதியாகக் கல்லூரி வளாகங்களிலும் எண்ணுகிறார்கள். பிப்ரவரியில் ஒரு வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாள். குறைந்தது 15 நிமிஷம் நின்று, கண்ணால் பார்த்தது காதால் கேட்டது எல்லாவற்றையும் எண்ணி ஈபேர்டு என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஃபீஸ் கிடையாது. சர்டிபிகேட் உண்டா என்று கேட்டு வருகிறவர்கள் ரெண்டாவது நாள் வருவதில்லை.

நான் முதன்முதலில் நோட்டில் எழுதியது பிப்ரவரி 2023-இல். 'வெள்ளைக் கொக்கு – நிறைய.' அக்கா அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில், 'எந்தக் கொக்கு? நிறைய என்பது எண் இல்லை' என்று எழுதிவிட்டாள். எல்லார் முன்னாலும். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொக்கில் என்ன 'எந்த' என்று கேட்டதற்குத்தான், அலகு மஞ்சளா கறுப்பா, கால்விரல் மஞ்சளா என்று பார் என்று பைனாகுலரைக் கையில் கொடுத்தாள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள், சாக்ஸ் போட்ட மாதிரி. சேற்றிலிருந்து அது காலை எடுத்தபோது அந்த மஞ்சள் ஒரு நொடி தெரிந்தது பாருங்கள், அவ்வளவுதான், அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டேன். இருபது வருஷமாகக் கொக்கைப் பார்க்கிறேன், அதற்குப் பாதம் உண்டு என்பதே அன்றுதான் தெரியும்.

மாட்டிக்கொண்டது சரி, ஆனால் லேடீஸ் ஹாஸ்டல் கேட் காலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். பிப்ரவரியில் ஆறரைக்கெல்லாம் விடிந்துவிடும், பறவைகள் நம் வார்டனுக்காகக் காத்திருப்பதில்லை. ஆறு மணிக்கு வெளியே போக எச்.ஓ.டி. கையெழுத்து, அப்பா அம்மா போன், வார்டன் கையெழுத்து, செக்யூரிட்டி ரிஜிஸ்டர் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு லெட்டர் ஊர்வலம் நடக்கும். இத்தனைக்கும் குளம் கேட்டிலிருந்து கூப்பிடு தூரம். பையன்கள் ஹாஸ்டலுக்கு அந்த லெட்டர் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை என்பதை நாங்கள் மூன்று வருஷம் சொல்லிப் பார்த்தோம், நாலாவது வருஷம் சொல்வதை விட்டுவிட்டு லெட்டரை டெம்ப்ளேட்டாக சேவ் செய்து வைத்துக்கொண்டோம்.

எங்கள் நட்பைப் பற்றி உருக்கமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் உண்மையைச் சொன்னால் முதல் ஒரு வருஷம் நாங்கள் வெறும் ஒரே பென்ச் ஆட்கள். நண்பர்கள் ஆனது ஒரு சண்டைக்கு அப்புறம்தான்.

நவம்பர் 2023. கோவில்பட்டி தனியாகக் கரைக்குப் போய்விட்டு ஓடிவந்து, செங்கால் நாரை பார்த்தேன் என்றாள். செங்கால் நாரை எங்கள் பக்கம் எப்போதாவது வந்து போகிற விருந்தாளி, நோட்டில் அதுவரை ஒருமுறைகூட இல்லை. டவுன் சந்தேகப்பட்டாள். அது நத்தைகுத்தி நாரையாக இருக்கும், அதுவும் வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, தூரத்திலிருந்து பார்த்தால் காலும் சிவப்பாகத் தெரியும், அலகுக்கு நடுவில் இடைவெளி இருந்ததா பார்த்தியா என்று வக்கீல் மாதிரி கேட்டாள். கோவில்பட்டி எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினால் பதினாலு பிக்ஸல் வெள்ளை, நாலு பிக்ஸல் கறுப்பு. நானும் தென்காசியும் டவுன் பக்கம் சாய்ந்தோம், நோட்டில் எழுதவில்லை. "நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்க, அப்படித்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனவள் மூன்று வாரம் பேசவில்லை. ஒரே ரூம், ஒரே பென்ச், சார்ஜர்கூடக் கேட்கமாட்டாள். ஒரு நாரைக்காக.

அப்புறம் டிசம்பர் 17 வந்தது. அந்த ரெண்டு நாள் மழையைத் தென் மாவட்டங்களில் யாரும் மறக்கமாட்டார்கள், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. என்று பிறகு படித்தோம். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஹாஸ்டல் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர், ஆனால் மோட்டார் ஓடாததால் குளிக்கத் தண்ணீர் இல்லை. ஜங்ஷன் மூழ்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். டவுன் வீட்டில் என்ன ஆனது என்று தெரியவே இல்லை. இருட்டில் உட்கார்ந்து, அவள் வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டோம், அந்த மூன்று பேரில் கோவில்பட்டியும் ஒருத்தி என்பதை அவளே மறந்துபோனாள். வீட்டிலிருந்து கொண்டுவந்து பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த கடலைமிட்டாயை எடுத்து உடைத்து, "இந்தா, நாரைக்காரியையும் தேடுதோம்ல" என்று டவுன் இல்லாத இடத்தைப் பார்த்து ஒரு துண்டு நீட்டினாள். அவ்வளவுதான் சமாதானம். டவுன் பத்திரமாக இருந்தாள், அவர்கள் வீட்டு கிரைண்டர்தான் போனது. அந்த நாரை இன்றுவரை தீரவில்லை. பென்சிலில் எழுதி பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம்.

வெள்ளத்துக்கு அடுத்த மாதம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு வாலன்டியராகப் போனோம். 2011 முதல் நடக்கிறது, நிஜமாகவே பழைய பழக்கம். குளமெல்லாம் ததும்பிக்கிடக்கிறதே, பறவை அள்ளும் என்று நினைத்துப் போனால், எங்களுக்குக் கொடுத்த குளத்தில் நாரைகளே சொற்பம். கூட வந்த பெரியவர்தான் விளக்கினார். நாரைக்கும் அரிவாள் மூக்கனுக்கும் நின்று மேய முழங்கால் ஆழம்தான் வேண்டும், கரை முட்டத் தண்ணீர் இருந்தால் எங்கே நிற்கும், அது பாட்டுக்கு வயல்வெளிக்குப் பிரிந்து போய்விடும் என்று. முக்குளிப்பானும் நாமக்கோழியும் மட்டும் ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தன.

தேர்ட் இயரில் கூந்தன்குளம் போனது தனிக்கதை. மூலைக்கரைப்பட்டி போய், அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்துப் போனோம். 1994-இல் சரணாலயமாக அறிவித்து, 2022-இல் ராம்சார் பட்டியலிலும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலும், சேர்த்துவிட்டார்கள். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது போர்டு இல்லை. வீட்டு வாசல் மரத்தில் சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கிறது, கீழே எச்சம் சுண்ணாம்பு அடித்த மாதிரி கிடக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஆச்சி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். "எப்பலேருந்து ஆச்சி இந்தப் பழக்கம்?" என்று தென்காசி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழக்கம் என்ன பழக்கம்? குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்லா" என்றாள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன், இருபத்தாறு இருந்தது, எண்ணினேன். ஆனால் ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து அதைவிட அதிகம் பேசியது ஆச்சியைப் பற்றித்தான்.

எங்களுக்கு என்று இன்னொரு வழக்கமும் உண்டு, அது பாளையங்கோட்டை தசரா. குலசேகரன்பட்டினம் தசராவைத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும், வேஷம் கட்டுவதால் டிவியில் வரும். பாளையங்கோட்டையில் 12 அம்மன்கள், 12 சப்பரம். ராத்திரி பூராவும் தெருத்தெருவாக வந்து, கடைசியில் எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம். டவுனுடைய அத்தை வீடு பாளையில் இருப்பதால் அவுட்பாஸில் 'உறவினர் வீடு' என்று எழுதிவிட்டுப் போவோம், நாலு வருஷத்தில் அத்தை எங்களுக்கும் அத்தை ஆகிவிட்டார். சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று கல்யாண மறுவீட்டுச் சாப்பாட்டையே போடுவார், "மறுவீடு யாருக்குடி?" என்று கோவில்பட்டி கிசுகிசுப்பாள். ரெண்டு மணிக்கு மேல் தூக்கத்தில் சப்பர விளக்கெல்லாம் கலங்கிக்கலங்கித் தெரியும், மேளம் மட்டும் வயிற்றில் கேட்கும். போன அக்டோபரில் போனபோது, அடுத்த தசராவுக்கு யார் யார் எந்த ஊரில் இருப்போம் என்று தென்காசி ஆரம்பித்தாள். டவுன், "சும்மா இருட்டி, சப்பரத்தைப் பாரு" என்று வாயை அடைத்துவிட்டாள்.

இந்த வருஷம் உண்மையில் எதுவுமே முழுதாக நடக்கவில்லை. ஃபைனல் இயர் என்றால் ஃப்ரீயாக இருக்கும் என்று சொன்னவன் யார்? ப்ளேஸ்மெண்ட் சீசனில் பாதி நாள் ஃபார்மல் டிரெஸ். நாலு வருஷம் கான்க்ரீட் மிக்ஸ் டிசைன் படித்துவிட்டு வரிசையாக சாஃப்ட்வேர் கம்பெனி ஆப்டிட்யூடுக்குப் போய் உட்கார்ந்தோம், இதைப் பற்றிப் புலம்பினால் தனிப் பதிவு தேவைப்படும். ஒரு இன்டர்வியூவில் ஹாபி என்ன என்று கேட்டார்கள். பறவை பார்ப்பது என்றேன். அந்த சார், "ரிடயர் ஆனவங்க பண்றதாச்சே" என்று சிரித்துவிட்டு, எத்தனை பார்த்திருக்கே என்றார். நூற்றுநாற்பத்துமூன்று வகை என்றதும் என் ரெஸ்யூமில் எதையோ குறித்துக்கொண்டார். செலக்ட் ஆகிவிட்டேன். ஜாயினிங் தேதிதான் இன்னும் வரவில்லை, மெயில் போட்டால் 'விரைவில் தெரிவிக்கப்படும்' என்று ஒரே பதில்.

மெயின் ப்ராஜெக்டுக்கு அந்தக் குளத்தையே எடுத்துக்கொண்டோம். வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது, கொள்ளளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது. மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவல் கருவியைக் கரையில் வைத்துவிட்டு ஒருத்தி ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் போக வேண்டும். மடைக்குப் பக்கத்தில் கோவில்பட்டி தொடை வரைக்கும் புதைந்து, செருப்பை அங்கேயே தானம் செய்துவிட்டு வந்தாள். மறுகால் பக்கம் ரீடிங் எடுக்கும்போது நெடுங்கால் உள்ளான் கூட்டம் ஸ்டாஃபுக்குப் பத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது, லெவல் வழியாகப் பார்த்தால் தலைகீழாகத் தெரியாத அளவுக்கு எங்கள் காலேஜ் கருவி புதுசு என்பதால் அருமையாகத் தெரிந்தது, ரீடிங்கை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டில் பறவைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தோம், தூர்வாரும்போது ஆழமில்லாத ஓரத்தைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்று. செகண்ட் ரிவ்யூவில், "இது சிவிலா சுவாலஜியா?" என்று கேட்டு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுத்துவிட்டோம். பின்னிணைப்பில் சேர்த்துவிட்டோம் என்பது இன்னும் அவர்களுக்குத் தெரியாது.

தென்காசி ஜனவரியிலேயே இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னை போய்விட்டாள். ஓ.எம்.ஆர். பக்கம் பி.ஜி., காலையில் ஆபீஸ் பஸ். முதல் வாரம் தினமும் வீடியோ கால், அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருமுறை, இப்போது குரூப்பில் ஸ்டிக்கர். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் திடீரென்று பள்ளிக்கரணையில் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த போட்டோ ஒன்று அனுப்பினாள், கலங்கலான தண்ணீர், தூரத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். கீழே 'பூநாரை – 31, சிக்னல் விழுந்துருச்சு' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு டவுன் சாப்பாட்டு மேஜையிலேயே அழுதுவிட்டாள். பூநாரைக்கு யாரும் அழமாட்டார்கள்.

இப்போது ஏப்ரல். ஃபேர்வெல்லுக்கு டி-ஷர்ட், ஆளுக்கு 450 ரூபாய். முதுகில் பேட்ச் பேரும், எங்களில் யாருமே பேசாத ஸ்டைலில் ஒரு இங்கிலீஷ் வாசகமும் போடுகிறார்கள். கடைசி நாள் வெள்ளைச் சட்டையில் எல்லாரும் எல்லாருக்கும் கையெழுத்துப் போடும் பழக்கம் உண்டு, எனக்கு அது பிடிக்காது. நாலு வருஷம் முகத்தைப் பார்க்காதவன்கூட 'மிஸ் யூ' என்று தோள்பட்டையில் எழுதுவான். ஆனால் நிச்சயம் நானும் சட்டையை நீட்டுவேன், அது வேறு விஷயம். இந்த மாதிரி வழக்கங்கள் எப்படித் தவறாமல் அடுத்த பேட்சுக்குப் போகின்றன என்று யோசித்தேன். காசு வசூல் செய்யும் ஒருத்தன் எல்லா பேட்சிலும் இருக்கிறான். ஐந்தரைக்கு எழுந்திருக்கும் ஒருத்திதான் எல்லா பேட்சிலும் இல்லை.

அதனால்தான் இந்த பிப்ரவரி கணக்கெடுப்பு எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. செப்டம்பர் 15 இன்ஜினியர்ஸ் டே அன்றே நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம், குரூப்களில் போட்டோம், ரீல்ஸ்கூடப் போட்டோம் (ஆள்காட்டிக் குருவிக்கு கோவில்பட்டி டப்பிங்). வருகிறேன் என்று இருபத்திரண்டு பேர் கை தூக்கினார்கள். பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை காலை கரையில் நின்றது கோவில்பட்டி, நான், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த டவுன், அப்புறம் ஒரே ஒரு ஃபர்ஸ்ட் இயர் பெண். ஈ.சி.இ., சிவில்கூட இல்லை. பாத்ரூம் செருப்போடு வந்திருந்தாள், தலை ஈரம். சர்டிபிகேட் எல்லாம் கிடையாதும்மா என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "தெரியும்க்கா. ஆறு மணிக்கு கேட்டைத் திறந்து விடுவாங்கன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்" என்றாள்.

சனிக்கிழமையும் வந்தாள். அன்றைக்கு ஷூ.

ஞாயிறு அன்று நோட்டை அவள் கையில் கொடுத்து எழுதச் சொன்னோம். காக்காவையும் எழுதணுமா என்று கேட்டாள், எழுது என்றோம். பனை உழவாரனை 'தகைவிலான்' என்று எழுதினாள், டவுன் வாயைத் திறக்கப்போக, கோவில்பட்டி அவள் காலை மிதித்தாள். மறுகால் பக்கம் நாணலுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கூட்டம் எழுந்து, வளைந்து, தண்ணீர் ஓரமாக இறங்கியது. நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'கொக்கு – நிறைய' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

சிவப்புப் பேனா பையில்தான் இருந்தது. நாலு வருஷம் சேர்த்துவைத்த வசனமும் நாக்கு நுனியில் இருந்தது. கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். "இடது பக்கம் ஸ்க்ரூ லூஸு, விரலால பிடிச்சுக்கணும். காலைப் பாரு, பாதம் என்ன கலர்னு சொல்லு."

ரொம்ப நேரம் பார்த்தாள். விரல் பிடித்த இடத்திலிருந்து லென்ஸ் ரெண்டு தடவை நழுவியது.

"சேத்துக்குள்ள இருக்குக்கா, தெரியல."

"தூக்கும். இரு."